முதுகுத்தண்டு ஆபரேஷனில் ரத்தத்தை நிறுத்த என்னென்ன வைக்கிறார்கள்?

ஆபரேஷன் தியேட்டர் கதவு கால்வாசி திறக்கும். உள்ளிருந்து ஒரு கை சீட்டு ஒன்றை நீட்டும். "இதைக் கீழே மெடிக்கலில் வாங்கிட்டு சீக்கிரம் வாங்க." வெளியே பெஞ்சில் காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு அந்தச் சீட்டைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைக்கும். உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எல்லோருமே நினைப்பார்கள்.

நான் கடலூர்க்காரி. புதுச்சேரியில் 18 வருடமாகத் தியேட்டர் நர்ஸ். போன சித்திரையில் பண்ருட்டிப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பலாக்காய் இறக்க மரமேறி, கிளை முறிந்து விழுந்து, முதுகெலும்பு நொறுங்கி வந்தார். ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய மகன் அந்தச் சீட்டோடு என்னை மறித்தான். "சிஸ்டர், மெடிக்கல்ல பஞ்சுன்னு சொல்றாங்க. பஞ்சுக்கா இவ்வளவு விலை? அப்பாவுக்கு ரத்தம் நிக்கலையா?"

"பயப்படாதே தம்பி, எல்லாருக்கும் வாங்கறதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அவன் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. அவனுக்கும் அவனைப் போல அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் நிதானமாகச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

காயத்தின் மேலேயே ஒரு பொருளை வைத்து ரத்தத்தை நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. கரும்பு வெட்டும்போது அரிவாள் பட்டால் என் பாட்டி வரப்பில் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு பிழிவார். வீட்டில் கை வெட்டிக்கொண்டால் காபித்தூளை அப்புகிற பழக்கம் இன்னும் போகவில்லை. (ஆழமான காயத்தில் இதையெல்லாம் வைக்காதீர்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.) ஊசியாகவோ மாத்திரையாகவோ உடம்பு முழுக்கப் போகாமல், ரத்தம் கசிகிற இடத்தில் மட்டும் வேலை செய்கிற பொருள் என்பதே இங்கேயும் கருத்து. தியேட்டரில் வைப்பது கிருமி நீக்கி, அளந்து, சோதித்துச் செய்யப்பட்டது.

ரத்தம் தானாக எப்படி உறைகிறது?

கெடிலம் ஆற்றில் கரை உடைந்தால் ஊரார் என்ன செய்வார்கள்? முதலில் ஆட்கள் குதித்துக் கையில் கிடைத்த மூட்டைகளைப் போட்டு வேகத்தைக் குறைப்பார்கள். ஆனால் வெறும் மூட்டை நிற்காது, தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். சவுக்குக் கழிகளை நெருக்கமாக அடித்து, குறுக்கே கீற்றைப் பின்னிக் கட்டினால்தான் மண் பிடிக்கும்.

ரத்தக்குழாய் அறுந்தாலும் இப்படித்தான். ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையில் ஒட்டிக்கொள்கின்றன. அது முதல் அடைப்பு, தற்காலிகமானது. அதற்குள் ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் ஒன்றையொன்று தட்டியெழுப்பி, கடைசியில் த்ராம்பின் என்ற பொருள் உண்டாகிறது. த்ராம்பின், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் என்ற நூலாக மாற்றுகிறது. அந்த நூல்கள் வலைபோலப் பின்னித் தட்டணுக்களை இறுக்கிப் பிடிக்கின்றன. அதுதான் உறைந்த கட்டி.

நாங்கள் வைக்கிற பொருள்கள் எல்லாமே இந்தக் கதையில் ஏதோ ஒரு இடத்தில் கை கொடுப்பவை. சில, கழி அடித்துக் கொடுக்கின்றன. சில, த்ராம்பினையே கொண்டுவந்து ஊற்றுகின்றன. சில, ஓட்டையை வெறுமனே அடைக்கின்றன. கட்டிய கரை கரையாமல் பார்த்துக்கொள்வதும் ஒன்று உண்டு.

முதுகில் மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

உடம்பின் வேறு இடத்தில் ரத்தம் வந்தால் சர்ஜனுக்கு மூன்று வழிகள் உண்டு. அழுத்திப் பிடிக்கலாம், நூலால் கட்டலாம், மின்சாரத்தால் பொசுக்கலாம். முதுகுத்தண்டுக் கால்வாய்க்குள் போய்விட்டால் மூன்றுமே பாதி கை நழுவிவிடும்.

அது விரல் பருமனே உள்ள எலும்புக் குழாய். உள்ளே தண்டுவடம், அதைச் சுற்றி டியூரா என்ற உறை. உறைக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள சந்தில் கொழுப்பும் நரம்பு வேர்களும் வெங்காயச் சருகு போன்ற சுவருள்ள சிரை என்ற ரத்தக்குழாய்களும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அழுத்தினால் பக்கத்து நரம்பு நசுங்கும். கட்டலாம் என்றால் நூல் போட இடமில்லை, சிரையும் கிழியும். பொசுக்கலாம், ஆனால் சூடு நரம்புக்குப் போகும். அதனால்தான் தசையைப் பிரிக்கும்போது தாராளமாகப் பயன்படுத்தும், மின்சாரத்தால் பொசுக்கும் கருவியான காட்டரியை உள்ளே போனதும் வைத்துவிட்டு, இரண்டு முனைக்கு நடுவே மட்டும் மின்சாரம் பாயும் பைபோலார் இடுக்கியை எடுப்பார்கள். அதையும் கொஞ்சமாகத்தான் தொடுவார்கள்.

இந்தச் சிரைகளைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் மற்றவை தானாக விளங்கும். காலில் உள்ள சிரைகளில் வால்வுகள் உண்டு, ரத்தம் திரும்பி வராது. முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள சிரைக் கூட்டத்தில் வால்வு கிடையாது. 1940இல் இதை விளக்கியவர் ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர். அவர் பெயராலேயே அதைப் பேட்சன் பின்னல் என்கிறார்கள். வால்வு இல்லாததால் வயிற்றில் அழுத்தம் கூடினால் வயிற்றுக்குள் இருக்கும் ரத்தம் பின்பக்கம் தள்ளப்பட்டு இந்தச் சிரைகள் புடைத்துக்கொள்ளும்.

அதனால் ரத்தத்தைக் கட்டுப்படுத்தும் முதல் வேலை கத்தி வைப்பதற்கு முன்பே நடக்கிறது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கும்போது மார்புக்கும் இடுப்பு எலும்புக்கும் கீழே மெத்தைகளை அணைகொடுத்து, வயிறு எதன்மேலும் படாமல் அந்தரத்தில் தொங்கும்படி வைக்கிறோம். நான் ஒவ்வொரு தடவையும் குனிந்து வயிற்றுக்கும் மேசைக்கும் நடுவே கையை விட்டுத் துழாவிப் பார்ப்பேன். என் கை தாராளமாகப் போய்வந்தால்தான் எனக்கு நிம்மதி. வயிறு அழுந்திக் கிடந்தால் எத்தனை பாக்கெட் பஞ்சு வாங்கிவந்தாலும் போதாது. நோயாளியின் உடம்பு குளிர்ந்துவிடாமல் பார்ப்பதும் இதில் சேர்த்தி. உடல் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ரத்தம் உறைவதும் மந்தமாகும். தியேட்டர் ஏசியில் வெதுவெதுப்பான காற்றுப் போர்வை போடுவதும், கழுவும் சலைனைச் சூடாக்கி வைப்பதும் அதற்காக.

இன்னொன்று எலும்பு. முள்ளெலும்பின் உட்பகுதி கடற்பஞ்சு மாதிரி, பொடிப் பொடியாய் ஆயிரம் துளை. வெட்டிய முகம் முழுவதிலும் ரத்தம் வேர்க்கும். எந்த ஓட்டையைப் பிடித்து நிறுத்துவது?

சீட்டில் எழுதும் பெயர்கள்

எலும்புக்கு 'போன் வேக்ஸ்'. பெயரே சொல்கிறது, எலும்பு மெழுகு. தேன்மெழுகுதான் அதன் அடிப்படை. லண்டன் நரம்பியல் சர்ஜன் விக்டர் ஹார்ஸ்லி 1892இல் தேன்மெழுகு 7 பங்கு, பாதாம் எண்ணெய் 1 பங்கு, கொஞ்சம் சாலிசிலிக் அமிலம் என்று கலந்து சொன்னதிலிருந்து வந்தது. இப்போது சேர்மானம் மாறியிருக்கிறது, வேலை அதேதான். கையுறை விரல்களுக்கு நடுவே உருட்டி மென்மையாக்கி, மல்லாட்டைப் பருப்பு (வேர்க்கடலை) அளவு உருண்டையாகக் கொடுப்பேன். சர்ஜன் அதை வெட்டிய எலும்பின் மேல் கட்டைவிரலால் தேய்ப்பார். சுண்ணாம்புச் சுவரில் பட்டி பார்ப்பது போலத் துளைகள் அடைபடும். இது ரத்தத்தை உறையவைக்கவில்லை, வெறும் அடைப்புதான். உடம்பு இதைக் கரைப்பதும் இல்லை, அங்கேயே இருக்கும். எலும்பு கூடுவதையும் தடுக்கும். அதனால் இரண்டு எலும்பை ஒன்றாகச் சேர்க்க வேண்டிய இடத்தில், ஃப்யூஷன் என்பார்களே, அங்கே மெழுகைத் தேய்க்கக் கூடாது. நிறைய வைத்தால் அழற்சியும் கிருமித்தொற்றும் வரலாம். நல்ல சர்ஜன் கொஞ்சமாகக் கேட்பார்.

பண்ருட்டித் தம்பி 'பஞ்சு' என்றது ஜெலட்டின் பஞ்சு. ஜெல்ஃபோம், ஆப்ஜெல் என்ற பெயர்களில் வரும். 1940களின் நடுவிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. வெள்ளை வெளேரென்று, காய்ந்த ரஸ்க்கைவிட லேசாக இருக்கும். கத்தரியால் தீக்குச்சித் தலை அளவு, நக அளவு என்று சின்னச் சின்னதாக நறுக்கிக் கிண்ணத்தில் வைப்பேன். சலைனிலோ த்ராம்பின் திரவத்திலோ நனைத்து, விரலால் அழுத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி மறுபடியும் நனைத்தால் நன்றாக ஊறிவிடும். இதுதான் கழி அடித்துக் கொடுக்கும் வகை. ரத்தம் அதன் துளைகளுக்குள் ஏறி, அந்தச் சட்டகத்தைப் பற்றிக்கொண்டு உறைகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு ரத்தத்தை உறிஞ்சும். உள்ளே விட்டால் 4 முதல் 6 வாரத்தில் உடம்பே கரைத்துவிடும். உறிஞ்சினால் உப்பும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

'சர்ஜிசெல்' என்பது துணி மாதிரி இருக்கும். தாவர நாரான செல்லுலோஸை ஆக்சிஜனேற்றம் செய்து நெய்தது. அதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் வர்ஜீனியா ஃப்ரான்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், 1940களின் தொடக்கத்தில். ரத்தம் பட்டதும் கறுத்துக் கூழாகி ஒட்டிக்கொள்ளும். கறுப்பாகிவிட்டதே என்று புதிதாக வரும் நர்சிங் பிள்ளைகள் பதறுவார்கள், அது அதன் இயல்பு. அமிலத்தன்மை உள்ளது என்பதால் கிருமிகள் வளர்வதும் கொஞ்சம் மட்டுப்படும். ஆனால் அதே அமிலம் த்ராம்பினைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே ஜெலட்டின் பஞ்சை த்ராம்பினில் நனைப்பது போல இதை நனைக்கக் கூடாது, உலர்ந்தபடியே வைக்க வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும்போது என் கை ஈரமாக இருந்தால் கையுறையை மாற்றிக்கொள்வேன்.

விலை அதிகமான பொருள் பேஸ்ட் மாதிரி இருப்பது. ஃப்ளோசீல், சர்ஜிஃப்ளோ என்பவை இந்த ரகம். ஒரு சிரிஞ்சில் ஜெலட்டின் துகள், இன்னொன்றில் த்ராம்பின். இரண்டையும் இணைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல தடவை தள்ளினால் தோசைமாவுப் பதத்தில் ஒரு கூழ் வரும். சிரை கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருக்கிறது, பஞ்சைச் செருக முடியாது என்றால் இதை நீளமான முனை வழியாக அங்கே விட்டு, மேலே ஈரப் பஞ்சு வைத்து ஒன்றிரண்டு நிமிடம் மெல்லப் பிடிப்பார்கள். சட்டகமும் த்ராம்பினும் சேர்ந்து வருவதால் வேகமாக நிற்கும். பிறகு உறையாத மிச்சத்தைச் சலைன் விட்டு மெதுவாகக் கழுவி எடுத்துவிட வேண்டும். இதை எல்லாருக்கும் திறக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. சாதாரண டிஸ்க் ஆபரேஷனில் பெரும்பாலும் சின்னப் பஞ்சுத் துண்டும் பொறுமையுமே போதும். கூன் நிமிர்த்துவது, கட்டி எடுப்பது, நொறுங்கிய எலும்பைச் சரிசெய்வது போன்ற பெரிய வேலைகளில் இதன் அருமை தெரியும். முன்கூட்டியே வாங்கிவைத்து, திறக்காமல் திரும்பி வந்தால் மெடிக்கலில் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

த்ராம்பின் வகை எதையும் ரத்தக்குழாய்க்குள் ஏற்றக் கூடாது, குழாயே உறைந்துபோகும். அதனால் த்ராம்பின் இருக்கும் சிரிஞ்சில் ஊசி மாட்டாமல் தனித் தட்டில், பெயரெழுதி வைப்பது எங்கள் வழக்கம். பெரிய ஆபரேஷனில் சிந்தும் ரத்தத்தைச் சேகரித்துக் கழுவி நோயாளிக்கே திருப்பி ஏற்றும் செல் சேவர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், இந்தப் பொருள்கள் கலந்த ரத்தத்தை அந்தக் குழாயில் உறிஞ்ச மாட்டோம். அதற்கு வேறு உறிஞ்சுகுழாய்.

ஃபைப்ரின் பசை என்று ஒன்றும் உண்டு. ஃபைப்ரினோஜனும் த்ராம்பினும் இரட்டைச் சிரிஞ்சில் வந்து, சேர்ந்த இடத்திலேயே வலை பின்னிக்கொள்ளும். முதுகில் இதை டியூரா உறை கிழிந்து தைத்த இடத்தில், தண்டுவட நீர் கசியாமல் இருக்கத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கரை கரையாமல் காப்பது என்றேனே, அது ட்ரானெக்சாமிக் ஆசிட். உறைந்த கட்டியை உடம்பே மெல்லக் கரைக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. அதைத் தடுப்பது இந்த மருந்து. 1960களில் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் கண்டெடுத்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் சாகும் தாய்மார்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. விலை குறைவு, பலன் பெரிது. முதுகு ஆபரேஷனில் இதைப் பெரும்பாலும் ரத்தக்குழாய் வழி ஏற்றுவார்கள். சிலர் காயத்தை மூடுமுன் தசைகளின் மேல் ஊற்றிச் சில நிமிடம் ஊறவைத்து உறிஞ்சி எடுப்பார்கள். ஆனால் டியூரா உறை கிழிந்திருந்தால் ஊற்றவே கூடாது. தண்டுவட நீரில் கலந்தால் வலிப்பு வரும், உயிரே போகும். அதனால் கேட்டதும் கொடுத்துவிடாமல், "சார், டியூரா முழுசா இருக்கா?" என்று வாய்விட்டுக் கேட்பேன். பதில் காதில் விழுந்த பிறகுதான் கிண்ணம் கை மாறும்.

வைப்பதைவிட எடுப்பது

உப்பும் என்றேன். வயிற்றிலோ தொடையிலோ ஒரு பஞ்சு உப்பினால் பக்கத்தில் விலகிக்கொடுக்க இடம் இருக்கிறது. எலும்புக் குழாய்க்குள் விலக இடம் ஏது? ஜெலட்டின் பஞ்சும் செல்லுலோஸ் துணியும் ரத்தத்தைக் குடித்துப் பருத்தால் அந்த அழுத்தம் நேராக நரம்பின் மேல் இறங்கும். கால் செயலிழந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. அதனால்தான் ரத்தம் நின்றதும் தண்டுவடத்தின் அருகிலும் நரம்பு வெளியேறும் துளைகளிலும் வைத்ததை எடுத்துவிடும்படி தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். எங்கேயாவது விட்டுவைத்தே ஆக வேண்டும் என்றால் மிகக் குறைந்த அளவு.

எடுப்பது லேசான வேலை இல்லை. பஞ்சை இழுத்தால் ஒட்டியிருக்கும் கட்டியும் கூடவே பிய்ந்துவந்து மறுபடி ரத்தம் பீறிடும். சலைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவைத்து, ஓரத்திலிருந்து உரித்து எடுப்பார்கள். பஞ்சின் மேல் வைத்துப் பிடிக்கும் மெல்லிய வெள்ளைத் துண்டுகளுக்கு நீள நூல் வால் இருக்கும், காயத்துக்கு வெளியே அந்த வால்கள் வரிசையாகத் தொங்கும். மூடுவதற்கு முன் நானும் இன்னொரு நர்சும் அவற்றைச் சத்தமாக எண்ணுவோம். பத்து கொடுத்திருந்தால் பத்தும் தட்டில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் தையல் நிற்கும். அந்த நேரத்தில் யார் அவசரப்படுத்தினாலும் நான் நகர்ந்ததில்லை.

நீங்கள் முன்பே சொல்ல வேண்டியவை

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறாரா என்று கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரைக்கும் திரும்ப வேலைக்கு வராது. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது ஆபத்து. எப்போது நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவெடுக்கட்டும். நாட்டு மருந்து, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவந்து காட்டுங்கள். பல் பிடுங்கியபோது நெடுநேரம் ரத்தம் நிற்காமல் இருந்ததா? அதையும் சொல்லுங்கள்.

ஜெலட்டின் பஞ்சுகளில் பல பன்றித் தோலிலிருந்து எடுத்தவை, சில பொருள்கள் மாட்டிலிருந்து எடுத்தவை. பரங்கிப்பேட்டையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வரும் இஸ்லாமியக் குடும்பங்கள், சுத்த சைவக் குடும்பங்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட்டால் செல்லுலோஸ் போலத் தாவர வகையை எடுத்துவைக்கலாம். உயிருக்கு அவசரம் என்றால் எது வரை சம்மதம் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

அன்று இரவு

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இப்போது இருக்கும் இடமல்ல, வேறோர் ஆஸ்பத்திரி. இடுப்பு ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர் சாயங்காலம் இரண்டு காலையும் நன்றாக ஆட்டினார். இரவு பதினொரு மணிக்கு, "வலி கூடுதும்மா, காலு கனக்குது" என்றார். வலி ஊசி போட்டுத் தூங்கவைக்கலாம் என்று சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, கட்டைவிரலை மேலே தூக்குங்க" என்றேன். இடது தூக்கியது. வலது அசையவில்லை. டாக்டரைக் கூப்பிட்டோம், ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி தியேட்டர். உள்ளே ரத்தக் கட்டி, அதோடு உப்பிக் கிடந்த ஒரு பஞ்சுத் துண்டு. எடுத்ததும் நரம்பு உறை மறுபடி துடிக்கத் தொடங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரலில் அசைவு திரும்ப மூன்று நாள் ஆனது.

இது அபூர்வம், நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். ஆனால் வந்தால் கணக்கு மணி நேரத்தில்தான். ஆபரேஷன் ஆனவர் பக்கத்தில் படுத்திருப்பவர் நீங்கள் என்றால், டியூட்டி நர்ஸ் வந்துபோகும் இடைவெளியில் நீங்களும் பாருங்கள். இரண்டு கால் கட்டைவிரலையும் மேலே தூக்கச் சொல்லுங்கள், பாதத்தைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். சாயங்காலம் இருந்த பலம் குறைந்தாலோ, வலி ஊசிக்கும் அடங்காமல் ஏறினாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, குழாய் எடுத்த பிறகு சிறுநீர் போக முடியாமல் இருந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். எத்தனை மணியானாலும் நர்சை எழுப்புங்கள். "சாயங்காலம் தூக்கினார், இப்போ தூக்கலை" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், எங்களுக்குப் புரியும்.